தலை தட்டிய ஆழாக்கு

என் செல்பேசியில் 120 நாள் கணக்கு ஒன்று கிடக்கிறது. பொங்கல் முடிந்த கையோடு தொடங்கி மே மாதம் நடுப்பகுதி வரை நான் வாயில் போட்டது அத்தனையும் கிராமிலும் கலோரியிலும் அதில் பதிந்திருக்கிறது. அலுவலகத்தில் ஒருவர் பேரன் பிறந்த மகிழ்ச்சியில் இலைத்துண்டில் வைத்துக் கொடுத்த அல்வாகூட விடுபடவில்லை. அதில் பாதியைத்தான் தின்றேன். திருநெல்வேலிக்காரன் பாதியோடு நிறுத்திய அல்வா என்பதால் அந்தப் பதிவின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. கணக்கு 84 கிலோவில் தொடங்கி 77இல் முடிகிறது. பார்த்தவர்களெல்லாம் என்ன செய்தாய் என்று கேட்டார்கள். நானும் சளைக்காமல் விளக்கினேன். இப்போது யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறேன். அந்த 120 நாளில் நான் எழுதாமல் விட்ட வரி ஒன்று உண்டு என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அது என் தட்டில் விழுந்த எதைப் பற்றியதும் அல்ல, என் தட்டிலிருந்து நான் எடுத்துவிட்டதைப் பற்றியது.

தொடக்கம் எல்லாருக்கும் நேர்வதுதான். பொங்கலுக்கு எடுத்த கால்சட்டையின் பொத்தான் பூட்ட மறுத்தது. 168 சென்டிமீட்டர் உயரத்துக்கு 84 கிலோ என்றால் உடல் நிறை எண் 30ஐத் தொட்டுவிடும். நம்மவர்களுக்கு 23ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும் என்கிறார்கள். நாளைக்கு 1,600 கலோரி என்று எனக்கு நானே ஓர் எல்லை கட்டிக்கொண்டேன். சமையலறைக்கு எலக்ட்ரானிக் தராசு ஒன்று வந்து சேர்ந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, நகைக்கடை வைக்கப் போகிறாயா என்று கேட்டாள்.

கிண்ணம் என்றால் யார் வீட்டுக் கிண்ணம்?

கலோரி எண்ணும் செயலியை வடிவமைத்தவர்கள் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு வாரம் வந்து தங்கியிருக்கலாம். 'சாம்பார், ஒரு கிண்ணம்' என்று அதில் இருக்கிறது. எங்கள் வீட்டில் குழந்தைக்குப் பால் கொடுக்கும் கிண்ணத்திலிருந்து பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை மாவு கிளறும் கிண்ணம் வரை ஏழு அளவில் கிண்ணங்கள் இருக்கின்றன. 'இட்லி, ஒன்று' என்று போட்டால் ஓர் எண் வருகிறது. அம்மா ஊற்றும் இட்லி அந்த இட்லியைப் போல் ஒன்றேகால் மடங்கு. ஆகவே முதல் இரண்டு வாரமும் நான் வீட்டில் கண்டதையெல்லாம் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகளுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. அவளுடைய ரப்பர், கொலுசு, பல்லாங்குழிச் சோழி எல்லாம் தராசில் ஏறி இறங்கின.

நிறுக்கத் தொடங்கியதும் ஒரு கூட்டம் குற்றவாளிகள் விடுதலையானார்கள், வேறு ஒரு கூட்டம் பிடிபட்டது. மூன்று இட்லி சேர்ந்து ஏறக்குறைய 200 கலோரி. மிளகாய்ப்பொடியில் குழி பறித்து நான் வழக்கமாக ஊற்றிக்கொள்ளும் நல்லெண்ணெயை ஒரு நாள் அளந்து பார்த்தேன்: 20 மில்லி. கொழுப்புக்கு ஒரு கிராமுக்கு ஒன்பது கலோரி. மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் நான்குதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அட்வாட்டர் என்ற அமெரிக்க வேதியியலாளர் வகுத்துக் கொடுத்த இந்தக் கணக்கின்படி என் குழியில் நின்ற எண்ணெய் 160 கலோரிக்கு மேல். இட்லி பாவம், பெயரை மட்டும் சுமந்துகொண்டிருந்தது. தேங்காயும் அப்படித்தான். நூறு கிராம் முற்றிய தேங்காய் 350 கலோரிக்குக் குறையாது. சொதி வைக்கும் நாளில் நான் கணக்கெழுதவே பயந்தேன்.

சப்பாத்திக் கதையையும் சொல்லிவிட வேண்டும். எடை குறைய வேண்டும், சர்க்கரை குறைய வேண்டும் என்றால் இரவில் சப்பாத்தி என்பது நம் ஊரில் ஏறக்குறைய ஒரு மத நம்பிக்கை. நூறு கிராம் அரிசியையும் நூறு கிராம் கோதுமை மாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டும் முந்நூற்றுச் சொச்சம். கோதுமையில் நார்ச்சத்தும் புரதமும் கூடுதல், அதை மறுக்கவில்லை. ஆனால் சப்பாத்தி நம்மைக் காப்பாற்றுவதற்கு முக்கியக் காரணம் வேறு என்று நினைக்கிறேன். சப்பாத்தியை எண்ணலாம். மூன்றாவதற்குக் கை நீளும்போது மூன்றாவது என்று தெரியும். சோற்றை யாரும் எண்ணுவதில்லை. 'இன்னும் கொஞ்சம்' என்பதுதான் சோற்றின் அலகு, அந்தக் கொஞ்சம் கரண்டி பிடித்திருப்பவரின் கையில் இருக்கிறது.

இந்திய உணவுகளுக்கான எண்களை நான் எடுத்தது ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணையிலிருந்து. 2017இல் வந்தது. அந்த நிறுவனம் ஹைதராபாத்தில் பிறந்ததல்ல. 1918இல் குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய இடம்தான் வளர்ந்து, 1958இல் அங்கே போயிற்று. தவிட்டை முழுக்கத் தீட்டி எடுத்த அரிசியையே உண்டு வாழ்ந்தவர்களைப் பிடித்த நோய் அது. நூறு ஆண்டுக்கு முன்னால் சோற்றில் எது இல்லை என்று தேடிய இடம் தந்த எண்ணை வைத்துக்கொண்டு, சோற்றில் எதைக் குறைக்கலாம் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண் கிடைத்தது. எங்கள் வீட்டு ஆழாக்கில் தலை தட்டி அளந்தால் 140 கிராம் அரிசி. மதியத்துக்கு மூன்று ஆழாக்கு போடுவாள் அம்மா: அம்மா, நான், மனைவி, மகள். நால்வரில் என் பங்கு மட்டும் ஓர் ஆழாக்கு. ஏறக்குறைய 490 கலோரி. அதைப் பாதியாக்கிவிட்டால் 245 மிச்சம். அம்மாவிடம் போய், நாளை முதல் என் டப்பாவில் பாதிச் சோறு போதும், மீதி இடத்தில் கீரையும் பொரியலும் வையுங்கள் என்றேன். சரி என்றாள். எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. அவ்வளவு சுலபமாகச் சரி சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பசித்தவன் கண்ணுக்கு

குறைவாகத் தின்பவன் நல்லவனாக மாறுவதில்லை. முதல் மாதம் நான் வீட்டில் சிடுசிடுத்ததை இங்கே எழுதினால் மனைவி தனியாக ஒரு மறுப்பு எழுதுவாள், நான் குறைத்துச் சொல்லிவிட்டேன் என்று. இரவு பதினொரு மணிக்குப் படுக்கையில் கிடந்தபடி பரோட்டா வீசும் காணொளி பார்ப்பேன். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா சட்டியில் மிதப்பதை ஒலியைக் குறைத்துவைத்து, திருட்டுத்தனமாக. இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944-45இல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற அறிவியலாளர் 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்துடன் 24 வாரம் அரைப் பட்டினி போட்டு ஆராய்ந்தார். போரால் பட்டினி கிடந்த ஐரோப்பிய மக்களை எப்படி மீட்டெடுப்பது என்று அறிவதற்காக. அந்த இளைஞர்களில் சிலர் சமையல் குறிப்புப் புத்தகங்களைக் கதைப் புத்தகம் போலப் படிக்கத் தொடங்கினார்கள். தட்டை நக்கினார்கள். உணவைத் தவிர வேறு நினைப்பு அற்றுப்போனார்கள். அவர்களுக்குக் கொடுத்தது நாளைக்குச் சராசரியாக 1,570 கலோரி என்று படித்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். என் எல்லை 1,600. அவர்கள் வாரத்துக்கு 22 மைல் நடந்தவர்கள், வேலையும் செய்தவர்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்தால் அது தேநீருக்கு. இரண்டும் ஒன்றாகாதுதான். ஆனாலும் அந்தப் பரோட்டா காணொளிக்கு ஒரு விளக்கம் கிடைத்தது.

பிறகு பழகிவிட்டது. பதினொரு மணிக்கு நீர்மோர், சாயங்காலம் வடைக்குப் பதில் தட்டைப்பயறுச் சுண்டல், இரவு சோற்றின் பரப்பைக் கூட்டு பிடித்துக்கொண்டது. வயிற்றை நிறைப்பது எடையே தவிரக் கலோரி அல்ல என்பதை வெள்ளைப் பூசணிக்காய் சொல்லிக் கொடுத்தது. அதை எவ்வளவு தின்றாலும் எண் அவ்வளவாக ஏறுவதில்லை.

பசித்தவனுக்குத் தன் தட்டு ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும் என்று இப்போது தோன்றுகிறது. அந்த நான்கு மாதமும் நான் வீட்டில் வேறு யாருடைய தட்டையும் பார்க்கவில்லை. மனைவி ஒரு முறை, நீங்கள் குறைத்ததிலிருந்து அத்தைக்குக் கொஞ்சம் உடம்பு போட்டிருக்கிறது, பார்த்தீர்களா என்று கேட்டாள். வெயிலுக்கு நடை குறைந்திருக்கும் என்று சொல்லிவிட்டுக் காலை உணவைப் பதியப் போனேன்.

பத்தரை மணி

அம்மாவுக்கு 68 வயது. எட்டு ஆண்டாகச் சர்க்கரை உண்டு, மாத்திரை எடுக்கிறாள். மே மாதம் வழக்கமான சோதனைக்கு அழைத்துப் போனேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை டிசம்பரில் 6.8 இருந்தது, இப்போது 7.9. எடையும் இரண்டரைக் கிலோ கூடியிருந்தது. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்டார். காலையில் இரண்டு இட்லி, மதியம் கொஞ்சம் சோறு, இரவு ஒரு தோசை என்றாள் அம்மா. அத்தனையும் உண்மை. மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் ஏழு கிலோ குறைத்தவனின் தோரணையில், ஆட்டோவில் வீடு திரும்பும் வழி முழுக்க அம்மாவுக்குப் பாடம் நடத்தினேன். அளவு என்றால் என்ன, கொஞ்சம் என்ற சொல் எவ்வளவு ஆபத்தானது, தேங்காய்ச் சட்னி எப்படி ஏமாற்றும். அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். அந்த ஆட்டோவை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அடுத்த வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை எனக்குக் காய்ச்சல். மனைவி வேலைக்குப் போய்விட்டாள், மகள் விடுமுறைக்கு ஆச்சி வீட்டில். பத்தரை மணி இருக்கும், வெந்நீர் கேட்கலாம் என்று எழுந்து பின்கட்டுக்குப் போனேன். கிணற்றடிப் படியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் அலுமினியச் சட்டி. உள்ளே பழையது. நீராகாரத்தைத் தனியாக ஒரு லோட்டாவில் இறுத்து வைத்திருந்தாள். சோற்றில் கல்லுப்பைத் தூவி, விரல் நுனியால் நசுக்காமல் உதிர்த்து, மோர் விட்டு, உள்ளங்கையின் அடிப்பகுதியால் படியிலேயே ஒரு சின்ன வெங்காயத்தைத் தட்டித் தோலுரித்துப் போட்டாள். அந்த லாகவத்தைப் பார்த்தால் இது இன்றைக்கு மட்டும் நடப்பதல்ல என்று புரியும். நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே படியில் செய்யும் காரியத்துக்குத்தான் அந்த நிதானம் வரும்.

இரண்டு இட்லி சாப்பிட்டீர்களே, இது என்ன என்றேன். என் குரலில் பிடித்துவிட்டேன் என்ற மிடுக்கு இருந்தது. அம்மா நிமிர்ந்து பார்த்தாள். திருட்டுப் பிடிபட்ட முகம் இல்லை அது. நான் ஏன் கேட்கிறேன் என்றே அவளுக்குப் புரியவில்லை.

"வேறென்ன, உன் பங்குதான்" என்றாள்.

நான் வெந்நீரை மறந்துவிட்டு அங்கேயே நின்றேன். மூன்று ஆழாக்கு. ஒரு நாள்கூட அவள் உலையில் போடும் அரிசியைக் குறைக்கவில்லை. என் டப்பாவில் பாதியை வைத்துவிட்டு, மீதியைச் சட்டியிலேயே விட்டு, இரவு தண்ணீர் ஊற்றி, மறுநாள் எங்களையெல்லாம் அனுப்பிவிட்டுத் தின்றிருக்கிறாள். இட்லிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில், கூடுதலாக. மருத்துவரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், அவர் சாப்பாட்டைத்தானே கேட்டார் என்கிறாள். வீணாகக் கூடாது என்று விழுங்குவது அவள் அகராதியில் சாப்பாடு ஆகாது. பேத்தி கடித்துவிட்டு வைத்த தோசை ஓரமும், காய்ச்சின பாலின் அடி ஆடையும், மூன்றாம் நாள் வற்றிய குழம்பும் அப்படியே. அவை பாத்திரம் கழுவுவதற்கு முந்தைய வேலை, அவ்வளவுதான்.

கட்டிலுக்குத் திரும்பி வந்து, காய்ச்சலோடு கணக்குப் போட்டேன். நாளைக்கு 70 கிராம் அரிசி, 120 நாள்: 8 கிலோ 400 கிராம். என் தட்டிலிருந்து கிளம்பிய அரிசி கூடத்தைத் தாண்டிப் பின்கட்டு வரைதான் போயிருக்கிறது. ரத்தத்தின் சிவப்பணு ஒன்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அதில் ஒட்டும் சர்க்கரையைப் பார்த்துத்தான் அந்த மூன்று மாதச் சராசரியைச் சொல்கிறார்கள். நான் செல்பேசியில் எழுதாமல் விட்ட வரியை அம்மாவின் உடம்பு எழுதி வைத்திருந்தது. சர்க்கரை ஏறியதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். வயதும் இருக்கிறது, அந்தக் கோடையில் அவள் காலை நடையையும் விட்டிருந்தாள். ஆனால் இதுவும் காரணம், அதை நான் செய்தேன்.

ஏன் குறைத்துப் போடவில்லை

காய்ச்சல் விட்டபின் கேட்டேன். முதலில் சிரித்தாள். பிறகு, துண்டு துண்டாக, கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். எந்த நாளாவது நீ பசித்து வந்து கேட்டால் சட்டி காலியாக இருக்கக் கூடாது அல்லவா என்றாள். ஆக நாலு மாதமும் நான் விரதத்தை முறிக்கும் நாளுக்காக அவள் தினம் சமைத்து வைத்துக் காத்திருந்திருக்கிறாள். அரிசி தீர்ந்துபோனால்கூட 'இல்லை' என்று சொல்லாமல் 'நிறைந்திருக்கிறது' என்று சொல்லும் வீட்டில் வளர்ந்தவள். பத்து வயதுக்குள் அரிசிப் பஞ்சத்தைப் பார்த்தவள். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற பேச்சு எழுவதற்கு முந்தைய ஆண்டுகளில், பையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்ற பிள்ளைகளில் ஒருத்தி. அந்தக் கையிடம் போய் அரை ஆழாக்கைக் குறை என்றால் மூளைக்குக் கேட்கும், கை கேட்காது.

பழையது உடம்புக்கு நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்களே என்றும் ஒரு வாதம் வைத்தாள். அவளுடைய செல்பேசிக்கும் அந்தக் காணொளிகள் வருகின்றன. ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு சிறு பங்கு எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது என்பது மெய்தான். அந்தச் சிறு பங்கை வைத்துக்கொண்டு சட்டி முழுவதையும் மன்னிக்க முடியாது. சொன்னேன். நீ படித்தவன் என்றாள். எங்கள் வீட்டில் அதற்குப் பல அர்த்தம் உண்டு.

அரிசியை இரண்டரை ஆழாக்காகக் குறைப்பது என்று முடிவாயிற்று. மூன்று நாள் ஒழுங்காக நடந்தது. நான்காம் நாள் மதியம் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி, வண்ணார்பேட்டைக்கு ஏதோ வேலையாக வந்தவர், எட்டிப் பார்த்திருக்கிறார். அவருக்கு இலை போட்டதில் சோறு முடிந்துவிட்டது. எனக்குப் பசியே இல்லை என்று அம்மா அவரிடம் சொல்லி, ஒரு டம்ளர் மோரோடு நிறுத்திக்கொண்டாள். மாத்திரை போட்ட உடம்பு. நாலு மணிக்குத் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தவளுக்கு மனைவி வந்து பார்த்துச் சர்க்கரை கரைத்துக் கொடுத்தாள். கூடினால் அவள் வயிற்றுக்கு, குறைந்தாலும் அவள் வயிற்றிலிருந்து. எங்கள் நால்வரின் கூட்டல் கழித்தலும் கடைசியில் வந்து நேராவது அந்த ஓர் இடத்தில்தான் என்று அன்றைக்கு மனைவி சொன்னாள். இதை இரண்டு மாதம் முன்பே சொல்ல வந்தேன், நீங்கள் இட்லியைப் பதிந்துகொண்டிருந்தீர்கள் என்றும் சேர்த்துச் சொன்னாள்.

இப்போது காலையில் அரிசி அளப்பது நான். ஐந்தே முக்காலுக்கு எழுந்து, அடுக்களையில் அரிசிப் பானை முன்னால் உட்கார்ந்து, ஆழாக்கில் அள்ளி, உள்ளங்கையால் தலை தட்டி, இரண்டு முறை முழுதாகவும் ஒரு முறை பாதியாகவும் பாத்திரத்தில் கொட்டுகிறேன். இத்தனை ஆண்டில் அந்தப் பானையின் மூடியை நான் திறந்ததில்லை. உள்ளே அம்மா வேப்பிலைக் கொத்துப் போட்டு வைத்திருப்பதே எனக்குத் தெரியாது. அம்மா அடுப்படியில் நின்று டிக்காஷன் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் பானையை மூடப் போகும்போது குனிந்து, வலது கையை உள்ளே விட்டு, ஒரு பிடி அள்ளிப் பாத்திரத்தில் சேர்ப்பாள். யாராவது வந்தால், என்பாள். அதில் நான் தலையிடுவதில்லை.

ஒரு நாள் அவள் பார்க்காத நேரம் அந்தப் பிடியைத் தனியாக எடுத்துத் தராசில் வைத்துப் பார்த்தேன். 38 கிராம். பெரும்பாலான நாள் யாரும் வருவதில்லை. இரவு ஏழரைக்கு அந்தச் சோற்றை நான் என் தட்டில் போட்டுக்கொண்டு, ரசம் விட்டுப் பிசைகிறேன். அம்மா தண்ணீர்ச் செம்போடு சட்டியை எடுக்க வருவதற்கு முன்னால் இது நடந்தாக வேண்டும். செயலியில் 'மிச்சம்' என்று தேடினால் எதுவும் வருவதில்லை. 'சோறு, 100 கிராம்' என்று போட்டுக்கொள்கிறேன்.